அனொன் சொல்லிப் போனவர்

என் வயதுக்காரர்களே, நீங்கள் எல்லாரும் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது "போட்டு வாறன்" என்று சொல்லி வளர்ந்தவர்கள். எங்கள் வீட்டில் அது தடை செய்யப்பட்ட பேச்சு. தம்பி எங்கிருந்தோ பொறுக்கிக்கொண்டு வந்த கெட்ட வார்த்தைகளை அம்மா ஒரு முறைப்போடு விட்டுவிடுவார். வாசலில் நின்று "வாறன்" என்று சொன்னால் முதுகில் விழும். "போறன்" என்றும் சொல்லக்கூடாது. அது உங்கள் வீடுகளிலும் அப்படித்தான். போறன் என்றால் ஒரேயடியாகப் போவது. அப்படியென்றால் என்னதான் சொல்லிவிட்டு வெளியே போவது? நாங்கள் "அனொன்" என்று சொன்னோம்.

மொன்றியலில், பார்க் எக்ஸ்ரென்ஷனில் எங்கள் வீட்டுப் படியேறி வந்த உங்களில் சிலர் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறீர்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன், எனக்கே பயமாக இருந்த காலம் அது. இப்போது ஐம்பதைத் தாண்டி, முழங்கால் சொல்வழி கேளாத வயதில் சொல்கிறேன்.

அம்மாவுக்கு ஒரே ஒரு தம்பி, எங்களுக்கு மாமா. ஊரில் ஒரு காலை அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது, சந்தியில் மண்ணெண்ணெய் வாங்கி வருவதாகச் சொல்லிச் சைக்கிளை எடுத்தார். "அக்கா, இப்ப வாறன்" என்றார். சந்தியில் சீருடைக்காரர் நின்றார்கள். மாமாவும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. அம்மா அவருடைய சோற்றைக் கிண்ணத்தால் மூடி வைத்திருந்தார். அதை எடுத்துக் கழுவ யாரையும் விடவில்லை.

அதோடு முடிந்திருந்தால் அம்மாவுக்கு ஒரு பயம்தான் இருந்திருக்கும். சில நாட்களில் அதே சீருடைக்காரர் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினார்கள். மாமாவைப் பற்றி ஏதோ சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அம்மா ஓடிப்போய்த் திறந்தார். அவர்கள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்பா திரும்பி வந்தார், ஆனால் இடக்காது பிறகு கேட்கவேயில்லை. "கதவை நான் ஏன் திறந்தனான்" என்று அம்மா உலையில் அரிசி போடும்போதும் எங்களுக்குத் தலை இழுக்கும்போதும் தனக்குள் கேட்டுக்கொண்டிருப்பார்.

இந்த இரண்டு பயங்களையும் கட்டிக்கொண்டுதான் ஒரு இலையுதிர்காலத்தில் மொன்றியலுக்கு வந்து இறங்கினோம். எனக்கு ஒன்பது வயது, தம்பி இன்னும் மூக்கு வடிகிற குழந்தை. இரண்டாம் மாடி வீடு. ஏறுகிற படிக்கட்டு இந்த ஊர் வழக்கப்படி வீட்டுக்கு வெளியே, இரும்பில். யார் ஏறினாலும் முதற் படியிலேயே சத்தம் உள்ளே வந்துவிடும். அப்பாவுக்கு அது பிடித்திருந்தது, அழைப்புமணி தேவையில்லை என்பார். அம்மா அந்தப் படியில் காலடி கேட்கும் ஒவ்வொரு முறையும் செய்த வேலையை நிறுத்தினார்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஊரில் தபால் கந்தோரில் கிளாக்கர். வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன புத்தகங்களில் ஆங்கிலம் படித்தவர், ஆகவே அவன் கப்பலேறிய அன்று அது எங்கே நின்றதோ அங்கேயே நின்றுவிட்ட ஆங்கிலம். பஸ் சாரதியிடம் வழி கேட்டாலும் ஒரு நீதிபதிக்கு மனுப் போடுகிற மாதிரித்தான் இருக்கும். ஊரை விட்டு வரும்போது அட்டை கிழிந்த ஒரு ஆங்கில அகராதியைப் பைக்குள் திணித்தார். அதற்கு இடம் விடுவதற்காக அம்மாவின் இடியப்ப உரல் வெளியே போயிற்று. "இடியப்பம் வேணுமெண்டால் அந்தப் புத்தகத்தைப் பிழிஞ்சு தின்னுங்கோ" என்று அம்மா அந்தக் குளிர்காலம் முழுக்கச் சொன்னார்.

அப்பாவுக்கு ஜான்-டலோன் சந்தையில் வேலை கிடைத்தது. ஒரு இத்தாலியக் கிழவரின் பழக்கடையில் பெட்டி தூக்குவது. முதல்நாள் காலை சப்பாத்துக்குள் ஒரு கால், வெளியே ஒரு காலாக நின்று "அப்ப, போட்டு..." என்று தொடங்கினார். அம்மா பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார்.

"அதைச் சொல்லாதேங்கோ."

"பேந்து, போறன் எண்டே சொல்லுறது?"

"ஐயோ!"

"ஒண்டும் சொல்லாமல் போகட்டோ?"

ஒன்றும் சொல்லாமல் போவது கோபித்துக்கொண்டு போகிறவர்கள் செய்வது. அதையும் அம்மா விடவில்லை. மூன்று பக்கமும் அடைத்த வாசலில் அப்பா நின்றார், அவருடைய பஸ் போய்விட்டது. அன்று மாலை வேலையால் வந்தவர் கை கழுவிவிட்டு நேரே அகராதியோடு உட்கார்ந்தார். சாப்பாட்டு மேசையில் ஓரஞ்சுத் தோல் வாசமும் பழைய தாளின் பூஞ்சண வாசமும் கலந்து கிடந்தன.

"இஞ்சாரும், ஒரு சொல் கண்டுபிடிச்சிட்டன்," என்றார். "அனொன்."

"அதென்ன, பனடோல் மாதிரி?"

"பழைய இங்கிலிஷ். உடனே எண்டு அர்த்தம். இப்ப ஒருத்தரும் பாவிக்கிறேல்லை, பழைய பாட்டுகளிலை மட்டும் கிடக்கு."

"ஒருத்தரும் பாவிக்கிறேல்லையோ?"

"ஒருத்தரும் இல்லை."

அம்மா யோசித்தார். "அப்ப, அதைச் சொல்லிப்போட்டு வராமல் விட்ட ஆளும் இல்லை."

"எனக்குத் தெரிஞ்சு இல்லை."

"நிச்சயமா உடனேதானே?"

"உடனே," என்றார் அப்பா. அகராதியை மூடி வைத்துவிட்டார்.

மறுநாள் முதல் அது எங்கள் வீட்டுச் சட்டம். வெளியே போகிறவர் நிலைப்படியில் நின்று "அனொன்" சொல்லவேண்டும். உள்ளே இருக்கிறவர் திருப்பிச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் கதவுச் சங்கிலி மாட்டப்படும். தம்பி கக்கூசுக்குப் போகும்போதுகூடச் சொல்லிவிட்டுப் போவான், நாங்கள் மூன்று பேரும் பதில் சொன்னால்தான் கதவைச் சாத்துவான். கார்டெறியில், அதுதான் குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளை பார்க்கிற பெண்ணுக்கும் தினமும் சொன்னான். அவள் அதைத் தமிழ் என்று நினைத்து எனக்கு ஒருநாள் சொல்லிக் காட்டினாள். அப்பா சந்தையில் வேலை முடித்து வெளிக்கிடும்போது இத்தாலியக் கிழவரிடமும் அதையே சொன்னார். கிழவருக்கு ஆங்கிலம் அரைகுறை, அர்த்தம் கேட்கவில்லை. கையை உயர்த்தி "அனொன், அனொன்!" என்று திருப்பிச் சொல்வாராம்.

அம்மாவும் நாளடைவில் அதைச் சொல்லும்போது தோளைத் தளர்த்தினார். நான் அதைப் பார்த்தேன். பிள்ளைகள் அதையெல்லாம்தான் பார்ப்பார்கள்.

ஆனால் பனி விழத் தொடங்கியதும் பயம் வேறு வழியால் வந்தது. உங்களுக்குத் தெரியும், இந்த ஊரில் பனி அள்ளுவதற்கு முன்னால், தெருவில் நிற்கிற கார்களை எடுக்கச் சொல்லி ஒரு வாகனம் சங்கு ஊதிக்கொண்டு வரும். முதல் தடவை அது எங்கள் தெருவுக்குள் ஊதிக்கொண்டு வந்தபோது அம்மா எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு ஓடிக் குளியல் தொட்டிக்குள் போட்டார். மேலே மெத்தையை இழுத்து மூடினார். ஊரில் பதுங்குகுழிக்குள் ஓடிய பழக்கம். தொட்டியின் இரும்பு கன்னத்தில் பட்டுக் குளிர்ந்தது, சவர்க்கார வாசம், தம்பியின் சூடான மூச்சு. அப்பா வந்து மெத்தையைத் தூக்கிப் பார்த்தார்.

"அது பனி அள்ளுற ஆக்களப்பா. காரை எடுக்கச் சொல்லிக் கத்துது."

"ஊரிலையும் முதல்லை அப்பிடித்தான் சொன்னவை," என்றார் அம்மா.

அந்தக் குளிர்காலம் முழுக்க, சங்கு ஊதினால் நாங்கள் தொட்டிக்குள். கொஞ்ச நாளில் சொல்லவேண்டிய தேவைகூட இருக்கவில்லை. தம்பி தன்பாட்டில் போய்ப் படுத்துக்கொண்டு பழக்கடைத் தாள்களை அடுக்குவான். அப்போதெல்லாம் ஓரஞ்சுப் பழங்களை ஒவ்வொன்றாய் மெல்லிய ஊதாத் தாளில் சுற்றி அனுப்புவார்கள். அப்பா அவற்றைக் கசங்காமல் கொண்டுவருவார். அந்தத் தாள்களை இப்போது எங்கேயும் காணவில்லை.

தை மாதம், நல்ல கண்ணாடிப் பனி. முதல்நாள் மழை பெய்து இரவோடு இறுகியிருந்தது. அப்பா காலையில் "அனொன்" என்றார். அம்மா "அனொன்" என்றார். சங்கிலி விழுந்தது. பின்னேரம் நாலரைக்கே இருட்டிவிடுகிற நாட்கள் அவை, இருட்டோடு அப்பாவின் காலடி படியில் கேட்கும். அன்று இருட்டு மட்டும் வந்தது.

அம்மா அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. சோற்றைப் போட்டார், அப்பாவின் சோற்றுக் கோப்பையைக் கிண்ணத்தால் மூடினார். மூடிய கையை எடுக்காமல் அப்படியே நின்றார். எனக்கு மாமாவின் சோறு நினைவு வந்தது, அவருக்கும் அதுதான் வந்திருக்கும். எங்களிடம் அப்போது தொலைபேசி இல்லை. சந்தைக்கு ஓடலாம் என்றால் பிள்ளைகளை எங்கே விடுவது, பாதை என்ன, என்ன மொழியில் கேட்பது? "உடனே எண்டுதானே சொன்னவர்," என்றார், என்னிடமா தன்னிடமா தெரியவில்லை.

அப்போது படியில் காலடி கேட்டது. அப்பாவுடையது அல்ல. சப்பாத்துகள், பாரமானவை, இரண்டு பேருடையவை. அம்மாவின் முகம் வெளிறிப்போயிற்று. விளக்கை அணைத்தார். எங்களைத் தொட்டிக்குள் தள்ளித் தானும் உள்ளே வந்து மெத்தையை இழுத்தார். மணி அடித்தது. பிறகு கை முட்டியால் இடித்தார்கள். ஆண்குரல் ஒன்று பிரெஞ்சில் ஏதேதோ சொன்னது, எங்களுக்கு விளங்கியது ஒரே ஒரு சொல்: போலீஸ். அது எல்லா ஊரிலும் ஒரே சொல்தான்.

அம்மா தம்பியின் வாயைப் பொத்தியிருந்தார். நான் என் வாயை நானே பொத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் இடிப்பது நின்றது. கடிதம் போடுகிற துவாரத்தின் மூடி கிறீச்சிட்டது. அதே குரல் மிகவும் தணிந்து, கிட்டத்தட்டக் கெஞ்சுகிற மாதிரி, "பா பெர்... பா பெர்..." என்று உள்ளே வந்தது. அந்தத் தணிந்த குரல்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயங்கரமாக இருந்தது. பிறகு சப்பாத்துகள் இறங்கிப் போயின.

மறுநாள் காலை மறுபடி வந்தார்கள். மறுபடி தொட்டி. தம்பி காய்ந்த பாணைச் சத்தம் வராமல் மென்று தின்னப் பழகியிருந்தான். அவர்கள் போனபின் அம்மா என் காதில் சொன்னார்: "அப்பாவைப் பிடிச்சுப்போட்டாங்கள். இனி எங்களுக்குத்தான் வந்து நிக்கிறாங்கள்." அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. அப்பா போய்விட்டார், மாமா போன இடத்துக்கு. இந்த ஊர்க் குளிரில் அந்த இடம் எங்கே இருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்குச் சற்று முன் படியில் இன்னொரு காலடி. ஒற்றை ஆள், ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்குகிற ஆள். உள்ளங்கையால் கதவைத் தட்டினார். இருமினார். பிறகு,

"அனொன்!" என்றது ஒரு கிழக்குரல். "சினியோரா! அனொன்! அனொன்!"

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்ததில் நகம் பதிந்தது. இந்த முழு நகரத்திலும் எங்கள் வாசலில் நின்று அந்தச் சொல்லைச் சொல்ல ஒரே ஒரு மனிதர்தான் உண்டு. ஆனால் குரல் அவருடையது இல்லை.

"அவரை அடிச்சு அந்தச் சொல்லையும் வாங்கிப்போட்டாங்களோ?" என்றார் அம்மா.

வெளியே கிழவர் கதவில் சாய்ந்து நின்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். நாலாம், ஐந்தாம் தடவையில் அவருடைய குரலே உடைந்துபோயிற்று. அம்மா தொட்டியை விட்டு எழும்பினார். தம்பியை என் மடியில் வைத்தார்.

"பிள்ளை, தம்பியை விடாதை. நான் கத்தினால் பின்படியாலை இறங்கி ஓடு. என்னைப் பாராதை."

அம்மா கதவடிக்குப் போனார். சங்கிலியில் கை வைத்தார். உள்ளேயிருந்து, கேள்வியாக, "அனொன்?" என்றார்.

"அனொன்!" என்றது வெளியே.

எங்கள் அம்மா கதவைத் திறந்தார். என் வாழ்நாளில் நான் பார்த்த துணிச்சல் அதுதான், அதற்குப் பிறகு பார்த்தவை எல்லாம் சில்லறை. வாசலில் இத்தாலியக் கிழவர் மூக்கு சிவந்து நின்றார், கையில் அப்பாவின் கம்பளித் தொப்பி. தொப்பியைக் கண்டதும் அம்மா அப்படியே குந்திவிட்டார். கிழவரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவருக்கு எதிரே குந்தி, தலையைத் தொட்டு, வழுக்கி விழுவதைக் கையால் காட்டி, "விவோ, சினியோரா, விவோ!" என்று தன் நெஞ்சில் தட்டினார். உயிரோடு இருக்கிறார் என்பது விளங்க மொழி தேவைப்படவில்லை.

முதல்நாள் பின்னேரம் பெட்டியோடு பனியில் வழுக்கி விழுந்து அப்பாவின் மண்டை உடைந்திருக்கிறது. நினைவில்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பொலிசார் வந்தது அதைச் சொல்லத்தான். காலையில் கண் விழித்த அப்பாவிடம் தாதி, வீட்டில் ஒருவரும் இல்லையாம் என்று சொன்னாளாம். "இருக்கினம். கதவை உடைச்சாலும் திறக்க மாட்டினம்," என்று அப்பா தன் நீதிமன்ற ஆங்கிலத்தில் சொல்லி, கிழவரைக் கூப்பிட்டு, வாசலில் நின்று என்ன சொல்லவேண்டும் என்று அனுப்பியிருக்கிறார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையெல்லாம் வெள்ளைத் துணியோடு அப்பா எங்களைப் பார்த்துச் சிரித்தார். அம்மா கட்டிலைச் சுற்றி வலப்பக்கம், கேட்கிற காதுப் பக்கம் போய் நின்றார்.

"உடனே எண்டுதானே சொன்னனீங்கள்?"

"பழைய சொல்லப்பா," என்றார் அப்பா. "கொஞ்சம் சுணங்கித்தான் வரும்."

அம்மா அப்போதுதான் அழுதார். முழு வாட்டும் திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதார்.

சில வருடங்கள் கழித்து, பிரெஞ்சு என் நாக்கில் ஊறிய பிறகு, ஒருநாள் பேருந்தில் ஒரு தாய் அழுகிற குழந்தைக்கு அந்த இரண்டு சொற்களைச் சொல்லக் கேட்டேன். பா பெர். துவாரத்தில் வாய் வைத்துப் படியில் முழந்தாளிட்ட அந்தப் பொலிஸ்காரன் எங்களிடம் சொன்னது பயப்படாதீர்கள், பயப்படாதீர்கள் என்று. வாசலில் எங்கள் குட்டிச் சப்பாத்துகளைக் கண்டிருப்பான். நான் இறங்கவேண்டிய இடம் தாண்டியும் எழும்பாமல் இருந்தேன். அம்மாவிடம் இதைச் சொல்லவேயில்லை. அவர் செய்தது பிழைதான். ஆனால் ஊரில் சரியாகச் செய்து பார்த்தவர் அவர், அதற்குக் கிடைத்ததும் அவருக்குத்தான் தெரியும்.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கல்லூரிக்குப் போன காலத்தில், நூலகத்தில் மேசை நிறையக் கிடந்த பெரிய அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினேன். மிகப் பழைய ஆங்கிலத்தில் "ஒன்றில்" என்று பொருள்படும் இரண்டு சிறு சொற்கள் ஒட்டிக்கொண்டு உண்டானதாம். ஒன்றாய், நேராய், அதனால் உடனே. பிறகு, உடனே என்று சொன்ன ஆட்கள் எல்லாரும் சுணங்கிச் சுணங்கி வந்ததில், சொல்லும் அவர்களோடு சேர்ந்து சுணங்கி, "கொஞ்ச நேரத்தில்" என்று ஆகிவிட்டது. நீங்கள் குளியலறைக்குள் இருந்துகொண்டு "இந்தா வாறன்" என்று கத்துகிற மாதிரித்தான். இடைக்கிடை என்று சொல்லவும் இன்னொரு சொல்லோடு சேர்த்துப் பாவித்திருக்கிறார்கள். இப்போது விளையாட்டுக்குத்தான் யாரும் சொல்வார்கள் என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவின் அட்டை கிழிந்த அகராதியைப் பார்த்தேன். அதிலும் இரண்டு அர்த்தமும் அடுத்தடுத்து இருந்தன. மனிதர் ஒன்றை மட்டும் வாசித்துக் காட்டிவிட்டு மூடியிருக்கிறார்.

போன குளிர்காலம் அப்பா இறந்தார். கடைசிக் கிழமைகளில் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து குளித்து உடுப்பு மாற்ற இல்-பிசாரில் இருக்கும் என் வீட்டுக்கு வருவார். அறை வாசலில் நின்று "அனொன்" என்பார், அப்பா கண்ணைத் திறக்காமலே உதட்டை அசைப்பார். கடைசி நாள் அம்மா அறையை விட்டு அசையவில்லை. எங்களிடம் இருந்த சொல் கதவால் போகிறவர்களுக்கு உரியது. அப்பா படுத்தபடியே, ஒன்றும் சொல்லாமல் போனார்.

தாதி வந்து குழாய்களை எடுத்தாள். தம்பி சன்னலடியில் நின்றான், அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. அம்மா அப்பாவின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார், குளிருமே என்பதுபோல. குனிந்து காதருகே போனார். அது இடக்காது என்று நினைவு வந்து நிமிர்ந்தார். கட்டில் விளிம்பைப் பிடித்துப் பிடித்து மெல்ல மறுபக்கம் சுற்றி வந்தார். கேட்கிற காதில் வாயை வைத்து, "அனொன்" என்றார்.

இத்தனை வருடத்தில் அம்மாவின் வாயால் அந்தச் சொல்லைக் கேட்டு எனக்குப் பயம் வந்ததில்லை. அன்றைக்கு வந்தது. ஒன்பது வயதில் தொட்டிக்குள் வந்த அதே பயம். ஓடிப்போய் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அவசரமில்லை, அம்மா," என்றேன்.